கடைவாய்ப் பல்லும் மூன்றாம் வருட வேலும்

பல் வைத்தியத்துக்குப் பயப்படுகிறவன் நான் என்று சொன்னால், என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். நம்பாதது மட்டுமல்ல, சிரிப்பார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. தைப்பூசத்தன்று இந்தக் கன்னத்தில் நுழைந்து அந்தக் கன்னத்தில் வெளியே வரும் வேலோடு, தார் ரோட்டில் வெறுங்காலில் நடந்தவன் நான். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. ஆனால் டவுனில் பல் கிளினிக் இருக்கும் தெருவைக் கடக்க வேண்டியிருந்தால் எதிர்ப்பக்கமாகத்தான் நடப்பேன். அந்த மருந்து வாடை மூக்கில் ஏறினால் நடையை எட்டிப் போடுவேன்.

இரண்டும் வேறு வேறு என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது? வேல் போடும்போது சுற்றி நம் ஆட்கள் நிற்கிறார்கள். உறுமி அடிக்கிறது. யாரோ தோளைப் பிடித்துக்கொள்கிறார்கள். எல்லாரும் "வேல் வேல்" என்று கத்துகிறார்கள். பல் நாற்காலியில் நாம் தனி ஆள். மல்லாக்கச் சாய்த்து, முகத்தில் வெளிச்சத்தை அடித்து, வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, உள்ளே என்ன செய்கிறார்கள் என்று நமக்குக் காட்டாமலே செய்கிறார்கள்.

பயம் ஆரம்பித்தது நியாலாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில். வருடத்துக்கு ஒருமுறை பல் பார்க்கிற நர்ஸ், பல் மிஸி, வருவாள். மடக்கு நாற்காலி, காலால் மிதித்துச் சுற்றும் குடைகிற மிஷின், வெள்ளைத் துணி மூடிய தட்டு எல்லாம் ஒன்றாம் வகுப்பில் வந்து இறங்கும். ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வரிசையில் நிற்கிற எங்களுக்கு உள்ளே போனவன் கதறுவது கேட்கும். என் பேர் வந்தபோது நான் உட்கார்ந்தேன், மிஷின் பல்லில் பட்டது, அவள் விரலைக் கடித்துவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்து ரப்பர் மரங்களுக்குள் ஓடிவிட்டேன். அதோடு சரி. முப்பது வயது தாண்டும்வரை எந்தப் பல் வைத்தியரும் என் வாயைப் பார்த்ததில்லை. வலித்தால் இலவங்கம் கடித்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், தாடையில் மினியாக் ஆங்கின் தைலம் தேய்த்தேன், வலி அடங்கியதும் மறந்துபோனேன்.

மறக்கவிடாமல் செய்தது என் மகள். அவள் பிறந்தபோது அழவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். என் மனைவி கட்டிலில் கிடந்தபடியே முருகனிடம் வேண்டிக்கொண்டாள்: பிள்ளை பிழைத்தால் மூன்று வருடம் வேல் போட்டு நடப்பதாக. வேண்டியது அவள், கன்னம் என்னுடையது. எனக்கு அதில் மனக்குறை எதுவும் இல்லை, பிள்ளைதான் பிழைத்துவிட்டாளே. இரண்டு வருடம் நல்லபடியாக முடிந்தது. மூன்றாவது வருடம் விரதம் தொடங்குகிற நேரத்தில்தான் வலது கடைவாய்ப் பல் தன் வேலையைக் காட்டியது. காலையில் கண்ணாடியில் பார்த்தால் கன்னம் வீங்கியிருக்கிறது.

எங்கள் குழுவுக்கு அலகு குத்துகிறவர் லோரி ஓட்டுகிறவர். காப்பு கட்டப் போனபோது என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"சீழ் இருக்கிற வாயில நான் வேல் வைக்க மாட்டேன், தம்பி. பல்லப் புடுங்கி, புண் ஆறின பிறகு வா."

அவ்வளவுதான் சொன்னார். என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாதியில் நிறுத்தினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்பது அவள் பயம். அதை வாய்விட்டுச் சொல்லக்கூடப் பயந்தாள்.

ஆக, போயாக வேண்டும். நான் சுங்கை ஊடாங் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் குத்தகைக்காரரிடம் சாரம் கட்டும் வேலை பார்த்தேன். லீவு என்றாலே சூப்பர்வைசர் முகம் சுளிப்பார். கெஞ்சி ஒரு நாள் வாங்கினேன். முதல் நாள் இரவு முழுவதும் தூங்கவில்லை. காலையில் டவுன் அரசாங்கக் கிளினிக் வாசலில் இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்து, கடைசியில் பல்லைக் கடிக்கவும் முடியாமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். டாக்டர் இளவயது மலாய்க்காரப் பெண். எட்டிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பிடுங்க முடியாது என்றுவிட்டார். வீக்கம் வற்ற வேண்டுமாம், அதுவரை மரத்துப்போகப் போடும் ஊசி மருந்து ஏறாதாம். ஒரு வாரத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இருபது வருடப் பயத்தை ஒரு ராத்திரியில் விழுங்கிக்கொண்டு வந்தவனிடம், போய்விட்டு அடுத்த வாரம் வா என்றால் என்ன அர்த்தம்? அந்தத் தைரியத்தை மறுபடி எங்கே போய்ச் சேர்ப்பது?

அடுத்த வாரமும் போனேன். வீக்கம் பெரிதாகக் குறையவில்லை. மாத்திரையை எப்படிச் சாப்பிட்டாய் என்று மலாயில் கேட்டார். உறையில் எழுதியிருந்தபடிதான், சாப்பாட்டுக்குப் பிறகு என்றேன். ஒரு நாளைக்கு எத்தனை? ஒன்று. மூன்று வேளை என்று எழுதியிருக்கிறதே என்றார். விரதத்தில் எனக்குச் சாப்பாடே ஒரு வேளைதான், மாலை விளக்கு வைத்த பிறகு. மூன்று சாப்பாட்டுக்கு மூன்று மாத்திரை என்றால் ஒரு சாப்பாட்டுக்கு ஒன்றுதானே? எனக்கு அந்தக் கணக்கில் எந்தப் பிழையும் தெரியவில்லை. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு மறுபடி முதலில் இருந்து மாத்திரை. இந்தத் தடவை பாலோடு மூன்று வேளை.

சூப்பர்வைசர் மூன்றாவது லீவுக்கு இழுத்தடித்தார். டேங்கில் வேலை முடிய வேண்டும் என்றார். முடிந்தது, அடுத்த டேங்க் வந்தது. வீட்டில் நான் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன். ஒரு வழியாக லீவு கிடைத்தபோது தைப்பூசத்துக்கு நான்கு நாள்தான் இருந்தது.

அன்று எந்தக் குறையும் வைக்கக் கூடாது என்று விடியற்காலையில் தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். வேல் போடப் போகும்போது அப்படித்தான் போவேன். இதுவும் குத்துகிற காரியம்தானே என்று நினைத்துக்கொண்டேன். நாற்காலியில் சாய்ந்தேன். ஊசியைக் கையில் எடுத்தவர் "சுடா மாக்கான்?" என்று கேட்டார். சாப்பிடவில்லை, வயிறு சுத்தமாக இருக்கிறது என்று பெருமையாகவே சொன்னேன். ஊசி தட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது. வெறும் வயிற்றில் ஊசி போட்டால் மயங்கி விழுவாய், போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்றார்.

அங்கேயே கத்தியிருப்பேன். சாப்பிட்டால் விரதம் போய்விடும், சாப்பிடாவிட்டால் பல் போகாது. வெளியே பொதுத் தொலைபேசியில் பக்கத்து வீட்டுக்குப் பேசி மனைவியைக் கூப்பிடச் சொன்னேன்.

"பால் பழம் விரதத்துக்கு ஆகாதுன்னு யாருங்க சொன்னா? வயிறு முட்டக் குடிச்சிட்டு உள்ள போங்க. இன்னிக்கு அந்தப் பல்லோட வீட்டுக்கு வராதீங்க."

நான்கு வாழைப்பழமும் இரண்டு கிளாஸ் பாலும் ஆனது. அதற்குள் என் நம்பர் போய்விட்டது. மத்தியானம் வரை காத்திருந்து மறுபடி சாய்ந்தேன்.

ஊசி சுருக்கென்றது, பிறகு ஒன்றுமே இல்லை. இதற்கா என்று இருந்தது. ஆனால் பல் அப்படியே கழன்று வரவில்லை. உளுத்துப்போயிருந்ததால் மேலே உடைந்து, வேர் உள்ளேயே நின்றுவிட்டது. ஈறைக் கீறி, துண்டு துண்டாக எடுத்தார்கள். வலியில்லை, சத்தம்தான் மண்டைக்குள் கேட்டது. நாற்காலியின் கையை நான் விடவே இல்லை. முடிந்ததும் டாக்டர், சில வருடம் முன்னால் வந்திருந்தால் அடைத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். பஞ்சைக் கடித்துக்கொண்டே தலையாட்டினேன். இத்தனை சின்ன ஊசிக்கா இத்தனை வருடம் பயந்தேன் என்று என்மீதே ஆத்திரம் வந்தது.

தைப்பூசத்தன்று காலையில் கோயிலுக்குப் பின்னால், குளித்த ஈரத்தோடு குழுவில் நின்றேன். அலகு குத்துகிறவர் என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். குழி மூடவில்லை. கன்னத்துக்கும் இல்லை, நாக்குக்கும் இல்லை, இந்த வாயை நான் தொடமாட்டேன் என்றார். பால் குடம் எடுத்துக்கொள், முருகன் ஏற்றுக்கொள்வான் என்று சமாதானம் சொன்னார். நான் கெஞ்சினேன். பிறகு சத்தம் போட்டேன். பல்லைப் பிடுங்கச் சொன்னதே நீங்கள்தானே என்று கேட்டேன். ஆறின பிறகு வா என்றும்தான் சொன்னேன் என்றார் அவர்.

என் மனைவி பிள்ளையை என் இடுப்பில் வைத்தாள்.

"நேந்துக்கிட்டது நான்தான் அண்ணே. எனக்குப் போடுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். விரதம் இருந்தாயா என்று கேட்டார்.

"அவர் இருந்த அத்தன நாளும் நானும் இருந்தேன்."

அதை நான் கவனிக்கவே இல்லை. மாலை விளக்கு வைத்த பிறகு எனக்குச் சோறு போடுவாள், நான் சாப்பிட்டு எழுவேன். அவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று நான் கேட்டதில்லை. என் பல்லைப் பற்றி நினைக்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

மஞ்சள் புடவையோடு முக்காலியில் உட்கார்ந்தாள். சின்ன வேல்தான், நாக்குக்கு. உறுமி வேகம் பிடித்தது. அவர் அவள் நாக்கை விரலால் பிடித்து இழுத்தபோது நான் மகளின் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டு கண்ணை இறுக மூடிவிட்டேன். "வேல் வேல்" என்று மட்டும் தொண்டை கிழியக் கத்தினேன். சுற்றி இருந்தவர்கள் கத்தலை நிறுத்திய பிறகும் கத்திக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்தபோது அவள் எழுந்து நின்றிருந்தாள். நாக்கில் வேல் இருந்தது. ஒரு பொட்டு இரத்தம் இல்லை. பேச முடியாததால் என் மேல்துண்டின் நுனியை எடுத்து பல் போன பக்கம் என் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள். துணி சிவப்பாக வந்தது.