கலைத்துப் போட்ட இரண்டாவது கட்டில்

நெவில் ட்ரெகென்சா சிட்னிக்கு வடக்கே உள்ள நியூகாசில் நகரில் காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். உலகத்தை அவர் பெரும்பாலும் கண்ணாடியில்தான் பார்த்தார். இடப்பக்கக் கண்ணாடி, வலப்பக்கக் கண்ணாடி, மறுபடியும் இடப்பக்கம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், எதையாவது செய்யுமுன் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்க்கும் பழக்கம் அவரை விடவில்லை. பேருந்து ஓட்டி ஓட்டி வந்த பழக்கம் என்று தெரிந்தவர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்து வைப்பார். உண்மையில் அது கிளைவால் வந்தது.

கிளைவ் பாஸ்கோ, ஹாமில்டன் பகுதியில் இறைச்சிக் கடை வைத்திருந்தவர். அகன்ற தோள், அதைவிட அகன்ற கை, தெருக்கோடி வரை கேட்கும் சிரிப்பு. இளவயதில் நெவில் ஓட்டிய விடிகாலைப் பேருந்தில் ஏறி, அத்தனை இருக்கையும் காலியாகக் கிடக்க, ஓட்டுநருக்குப் பின்னால்தான் தினமும் உட்காருவார். குன்றின் மேல் பேருந்து ஏறித் திரும்பும்போது கடல் தெரியும். நிலக்கரி ஏற்ற வந்த கப்பல்கள் தொடுவானத்தில் பனிமூட்டத்துக்குள் வரிசையாக நிற்கும். இரண்டு பேரும் அதைப் பார்ப்பார்கள், ஒன்றும் பேசமாட்டார்கள். ஒருநாள் இறங்கும்போது காகிதத்தில் சுற்றிய ஆட்டிறைச்சியை கிளைவ் நீட்டினார்.

"தனியா சமைச்சுத் திங்காதே. என்னையும் கூப்பிடு."

அன்று ராத்திரி சாப்பிட வந்தவர்தான், அதன்பின் போகவே இல்லை. அந்தக் காலத்தில் ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது குற்றம். மேஃபீல்டில் வீடு பிடித்தபோது, பக்கத்து வீட்டுக்காரி வாயைத் திறக்குமுன் நெவில் முந்திக்கொண்டு சொன்னார்: "இவன் என் சித்தப்பா பையன்." பிறகு சட்டம் மாறியது. ஆண்கள் ஆண்களையே ஊரறியக் கல்யாணம் செய்துகொள்ளும் காலமும் வந்தது. கிளைவ் மட்டும் சித்தப்பா பையனாகவே இருந்துவிட்டார்.

வெளியூர் போனால் இரண்டு தனிக் கட்டில்கள் உள்ள அறைதான் எடுப்பார்கள். படுப்பது ஒன்றில். காலையில் அறையைத் துடைக்க ஆள் வருமுன் நெவில் எழுந்து, மற்றக் கட்டிலின் போர்வையை உதறி, தலையணையை நடுவில் குத்தி, யாரோ ராத்திரி முழுக்க அதில் புரண்டு படுத்த மாதிரி ஆக்கிவிடுவார். அவர்கள் வயதில் இப்படி வாழ்ந்த ஆண்கள் எல்லாருக்கும் தெரிந்த கைவேலை அது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

இருவரும் பௌல்ஸ் கிளப்பில் புல்தரையில் பந்து உருட்டப் போவார்கள். அங்கே பெரில் ஸ்டோக்ஸ் என்றொரு அம்மாள். கிளப்பின் நாட்டாமை என்றே சொல்லலாம். அவள் கூட்டம் சேர்த்துக் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். தெற்குப் பசிபிக் தீவுகளுக்கு, குடும்பங்களும் கிழவர்களும் போகும் வழக்கமான கப்பல். கிளைவுக்கு ஒரே குஷி. தெரிந்த முகங்கள், மூன்று வேளையும் மூக்குமுட்டச் சாப்பாடு, வேறென்ன வேண்டும்? நெவில் மட்டும் பிடிகொடுக்கவில்லை. ஒரு சாயங்காலம் சமையலறையில் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, வேறொரு கப்பலின் படத்தை மேசைமேல் தள்ளினார். அதே சிட்னியிலிருந்து அதே தீவுகளுக்குத்தான் அதுவும் போகிறது. ஆனால் முழுக் கப்பலையும் வாடகைக்கு எடுத்து, ஆண்களை நேசிக்கும் ஆண்களை மட்டுமே ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

கிளைவ் படத்தைப் பார்த்தார். பிறகு தன் தொப்பையைப் பார்த்தார்.

"டேய், இதுல ஒருத்தன் உடம்புலயாவது சட்டை இருக்கா? இவனுங்க நடுவுல நான் போய் நின்னா, தொங்கவிட்ட மாட்டுத்தொடை வழி தவறி வந்துடுச்சுன்னு நெனப்பானுங்க."

"கிழவனுங்களும் போறாங்களாம்."

"சாப்பாடு நல்லாருக்குமா?"

"எனக்கு எப்படிடா தெரியும்?"

"அப்ப எதுக்கு இந்தக் கப்பலைப் புடிச்சுத் தொங்குற? பெரில் கூடப் போனா என்ன கேடு?"

நெவில் எழுந்துபோய்க் கெண்டியைத் தேவையில்லாமல் மறுபடி அடுப்பில் வைத்தார். கிளைவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.

"வெளிச்சத்துல உன் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னு கடலைப் பாக்கணும். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் யாராவது வர்றாங்களான்னு பாக்காம. ஒரே ஒரு தடவை. சாகறதுக்கு முன்னாடி."

கெண்டி சீறத் தொடங்கியபோது கிளைவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெரிய முகம் சிவந்து போயிருந்தது.

"இதை மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, கழுதை. எங்க வேணாலும் போலாம். சாப்பாடு நல்லா இல்லேன்னா உன்னை உதைப்பேன்."

பெரிலிடம் கிளைவுக்கு முட்டிவலி என்று நெவில் ஒரு பொய் சொன்னார். பழகிய வாய், தடுமாறவில்லை.

கப்பல் சிட்னித் துறைமுகத்தைவிட்டு நகர்ந்ததிலிருந்தே நெவிலுக்கு எல்லாம் பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது. கரை கரைந்து போனது. மேல்தளத்தில் இருவர் இருவராக ஆண்கள். இளைஞர்கள் சட்டையில்லாமல் திரிந்தது வாஸ்தவம். ஆனால் நரைத்தவர்களும் வழுக்கைகளும் ஊன்றுகோல்காரர்களும் அதைவிட அதிகம். ஒருவர் இன்னொருவரின் காதுக்குப் பின்னால் வெயிலுக்கான களிம்பைப் பூசிக்கொண்டிருந்தார், குழந்தைக்குப் பூசுவது மாதிரி நிதானமாக. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நெவில் மட்டும் பார்த்துக்கொண்டே நின்றார். இப்படி ஒரு நாடு தண்ணீர்மேல் மிதந்துகொண்டிருந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியாமல் போயிற்று என்று அவருக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் கை வரவில்லை. கிளைவ் கம்பிமேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நெவில் தன் கையைக் கம்பியோரம் நகர்த்தினார், இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், யாரோ வந்தார்கள், கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கிளைவ் கடலையே பார்த்தார். நாளைக்கு ஆகட்டும் என்று நெவில் நினைத்துக்கொண்டார். கடல் நீலம் மாறி மாறி வந்துகொண்டிருந்தது. நாளைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

கப்பலிலும் வழக்கம்போல் இரண்டு கட்டில் அறைதான். அதைப் பார்த்துக்கொள்ள லிதியா என்ற ஃபிஜிப் பெண் வருவாள். ஆட்களுக்குத் தகுந்த மாதிரி துண்டை மடித்து அன்னமோ யானையோ செய்து கட்டிலில் வைப்பாள். இவர்களுக்கு முதல் நாள் மூக்கோடு மூக்கு உரசும் இரண்டு அன்னங்கள் வைத்திருந்தாள். அடுத்த நாள் கட்டிலுக்கு ஒன்றாகத் தனித்தனி அன்னம், பக்கத்தில் தனித்தனிச் சாக்லேட். அதற்கடுத்த நாள் வாசலில் நெவிலை நிறுத்திக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார், மனசைத் தளர விடாதீங்க. எங்கப்பா அம்மாவும் பேசாமக் கெடந்தவங்கதான். அப்புறம் சரியாயிடுச்சு."

நெவிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல பெண், ஏதோ வீட்டு நினைவு என்று தலையை ஆட்டி வைத்தார். சாப்பாட்டு மேசையில் லெஸ்டர் என்ற அடிலெய்டுக்காரர் அவர்களோடு உட்காருவார். துணையைப் பறிகொடுத்தவர், வெள்ளை மீசையை முறுக்கி விட்டிருப்பார், நாற்காலியை இழுத்துப் போடுவதில்கூட ஒரு நளினம். அந்த லெஸ்டர் கிளைவுக்கு மட்டும் காபி வாங்கி வரத் தொடங்கினார். பிறகு கேக். பிறகு, "உங்க சிரிப்பு இருக்கே" என்று ஒரு பேச்சு. நெவில் முட்கரண்டியைக் கீழே வைத்தார். இந்த வயதிலும் இப்படிப் பொறாமைப்பட முடிகிறதே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

பைன் தீவைவிட்டுக் கிளம்பிய மதியம், மேல்தளத்தில் தேநீரும் நடனமும். வாத்தியக்காரர்கள் மெதுவான எதையோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் தேன்நிறத்தில் கவிந்து கிடந்தது. கனவில் போல ஆண்கள் ஆண்களின் தோளில் தலைசாய்த்துச் சுழன்றார்கள். லெஸ்டர் வந்தார், மீசையைத் தடவினார், கிளைவின் முன் கையை நீட்டினார்.

"ஒரு சுத்து ஆடலாமா?"

நெவில் எழுந்துவிட்டார். "என்னய்யா நெனச்சுக்கிட்டிருக்கே? நான் ஒருத்தன் இங்க உக்காந்திருக்கறது கண்ணுக்குத் தெரியலியா?"

லெஸ்டர் உண்மையாகவே திகைத்துப் போனார். "மன்னிக்கணும். நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டீங்கன்னு எங்க வராந்தா முழுக்கப் பேச்சு. ரெண்டு கட்டில்லயும் தெனமும் ஆள் படுத்திருக்காமே. கை கோத்துக்கூட யாரும் பாத்ததில்லையாம். அதான், பாவம், அவராவது ஆடட்டும்னு..."

கிளைவ் மெல்லத் திரும்பினார்.

"ரெண்டு கட்டில்லயுமா? டேய், நான் குளிக்கப் போற நேரத்துல அந்தக் கட்டிலைக் கலைச்சு வைக்கிறியா நீ?"

நெவில் தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தார்.

"இங்கயுமா?"

"கை தானா போகுதுடா. எழுந்ததும் போயிடுது. எனக்கே தெரியறதில்ல."

கிளைவ் சிரிப்பார் என்றுதான் நெவில் எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. அந்த அகன்ற கைகள் மடியில் கிடந்தன.

"யார்கிட்டருந்து என்னை ஒளிச்சு வைக்கிற? இந்தக் கப்பல்ல யாரு பாக்கி? லிதியாவா? எனக்கும் ஒரு ஆயுசு தாண்டா இருந்துச்சு. அதை முழுக்க உன் சித்தப்பா பையனாவே வாழ்ந்துட்டேன்."

நெவில் மெதுவாக உட்கார்ந்தார். தான் மறைத்ததெல்லாம் இருவரையும் காப்பாற்றத்தான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தார். மறைக்கப்பட்டவனுக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பக்கத்தில் லெஸ்டர் எங்கே போவதென்று தெரியாமல் மீசையோடு நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு ஆடத் தெரியாது" என்றார் நெவில்.

"எனக்கு மட்டும் தெரியுமா?"

ஆடினார்கள். ஆட்டம் என்று சொல்ல முடியாது, நின்ற இடத்தில் அசைந்தார்கள், ஒருவர் காலை ஒருவர் மிதித்தார்கள். கிளைவின் சட்டையிலிருந்து சோப்பு வாசனையும் வெயில் வாசனையும் வந்தன. கடல் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. லெஸ்டர் ஓரமாக நின்று இருவருக்குமே தாளம் போட்டுக்கொடுத்தார், நல்ல மனுஷர். பாட்டு முடிந்ததும் கம்பியோரம் போய் நின்றார்கள். நெவிலின் கை கிளைவின் கைக்குள் போய் உட்கார்ந்தது. நெவில் அழுதார். கிளைவ் காணாததுபோல் இருந்தார்.

கடைசி நாள், அடுத்த வருடப் பயணத்துக்குக் கப்பலிலேயே பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கிளைவ் வரிசையில் போய் நின்றுவிட்டார். சாப்பாடும் பிடித்துவிட்டது, ஆட்டமும் பிடித்துவிட்டது. நெவில் அவரை வெளியே இழுத்து வந்தார்.

"அடுத்த வருஷம் பெரில் கூடப் போலாம். அவங்க கப்பல்ல."

"பைத்தியமா உனக்கு? இதுக்குத்தானே சமையக்கட்டுல கண்ணு கலங்கின?"

"இங்க உன் கையைப் புடிச்சா யாரும் பாக்கறதில்ல. அது சொகந்தான், இல்லேங்கல. ஆனா பெரில் பாக்கணும். கிளப்புல எல்லாரும் பாக்கணும். நீ யாருன்னு அவங்களுக்குத் தெரியணும்."

"அங்க போனா நீ மறுபடி நடுங்குவே."

"நடுங்குவேன்தான்."

மறுநாள் காலை சிட்னியில் இறங்கினார்கள். கப்பலிலிருந்து கரைக்கு நீளும் பாலத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. மேலே கோத்திருந்த கைகள், தரை நெருங்க நெருங்க, யாரும் சொல்லாமலே ஒவ்வொன்றாகப் பிரிந்தன. இளையவர்கள் சிலர்தான் விடவில்லை. அந்த மிதக்கும் நாடு அதோடு முடிந்தது. கரையில் டாக்சிகள், பெட்டிகள், பள்ளிக்கூடக் கூட்டம், வேலைக்கு ஓடும் சனம். நெவில் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, ஒரு கையால் போனை எடுத்துப் பெரிலைக் கூப்பிட்டார்.

"பெரில், நான் நெவில் பேசறேன். அடுத்த வருஷக் கப்பலுக்கு எங்க பேரையும் சேர்த்துக்கோ. ஒரு விஷயம். கிளைவுக்கு முட்டிவலி எதுவும் இல்ல. அவன் என் சித்தப்பா பையனும் இல்ல. என் வீட்டுக்காரன். ஆரம்பத்துலேருந்தே."

மறுமுனையில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு பெரிலின் குரல் கேட்டது, வழக்கமான அதிகாரம் இல்லாமல்.

"இத்தனை வருஷமா என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னியா, நெவில்?"

"ஆமா."

"என்ன சொல்றதுன்னே தெரியல. யோசிச்சுட்டுக் கூப்பிடறேன்."

போன் அடங்கியது. கூப்பிடுவாளா மாட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கிளப்பில் இனி யார் பேசுவார்கள், யார் முகத்தைத் திருப்புவார்கள், அதுவும் தெரியவில்லை. சனங்கள் இருபுறமும் விலகி விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொன்னா?" என்றார் கிளைவ்.

"யோசிக்கணுமாம்."

"யோசிக்கட்டும். நீ கொஞ்சம் மெதுவாப் புடிடா, விரல் வலிக்குது."