றீற்றா அக்காவின் கண்ணுக்கு ஜெபம் இல்லை

போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனையில் எங்கள் போதகர் எல்லோரையும் திடுக்கிட வைத்தார்.

"இண்டைக்கு றீற்றா அக்காவின்ர கண்ணுக்காக ஜெபிக்கப் போறதில்லை" என்றார்.

ஜெபிக்க வேண்டாம் என்று சொல்லும் போதகரை எங்காவது கண்டிருக்கிறீர்களா? இரண்டு ஞாயிறாக ஒன்றும் விடாமல் உருக்கமாக ஜெபித்தவர்கள் நாங்கள். எனக்குக் கோபம் வந்தது.

அவரோ என்னைப் பார்த்தார். "அண்ணை, பின்னேரம் ஒருக்கா நீங்கள் போய்ப் பாத்திட்டு வாங்கோ."

மனமில்லாமல்தான் போனேன். சொன்னால் கேட்க வேண்டுமே...

அன்புவழிபுரத்தில் றீற்றா அக்கா தனியாக இருக்கிறார். அறுபத்தெட்டு வயது, கலியாணம் செய்யவில்லை. ஒரு கண்ணில் பார்வை போய்ப் பல வருடம். மற்றக் கண்ணில்தான் அண்மையில் ஒப்பரேஷன் செய்திருந்தார்கள். அந்தக் கண் சிவந்து, பீளை கட்டிப்போய் இருந்தது. மருந்து ஒழுங்காக விடாவிட்டால் பார்வை தப்பாது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்களாம்.

"மருந்து விடேல்லையா அக்கா?"

"கை நடுங்குது தம்பி. விடுறதெல்லாம் கன்னத்திலதான் விழுது."

"ஏன் எங்களிட்டச் சொல்லேல்ல?"

"நீங்கள் எல்லாரும் ஜெபிக்கிறீங்கள்தானே. அதுக்கு மேல இதையும் கேக்க வெக்கமாக் கிடந்தது."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இத்தனை பேர் கண்ணை மூடி ஜெபித்தோம். ஒருவராவது போய் அவருடைய கண்ணைத் திறந்து பார்த்தோமா?

குப்பியை எடுத்தேன். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது.

"தம்பி, கண் இன்னும் கொஞ்சம் மேல கிடக்கு" என்றார் அக்கா.

அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டோம். காலையில் நான். மத்தியானம் பாடகர் குழு ஜெயந்தி. பின்னேரம் சாம்பல்தீவிலிருந்து பஸ் ஏறி வரும் செல்வம். இரவு போதகரின் மனைவி.

ஒன்று விளங்கியது. மனம் வரட்டும், பிறகு அன்பு காட்டலாம் என்று இருந்தால் மனம் வரவே வராது. ஆண்டவர் அன்பைக் கட்டளையாகவே தந்தது நல்லதாய்ப் போயிற்று. முதலில் கால் போகிறது – மனம் பின்னால் வந்து சேர்கிறது. நான்காம் நாள் காலையில் நான் தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினேன் என்றால் பாருங்களேன்.

போன செவ்வாய்க்கிழமை அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். கண் தெளிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்றார் டொக்டர். அந்த இடத்திலேயே நன்றி சொன்னேன் – ஆண்டவருக்கும், என்னை அனுப்பிய போதகருக்கும்.

"நல்லாப் பாத்திருக்கினம். ஆர் அம்மா மருந்து விட்டது?" என்று அங்கிருந்த தாதி மிஸ்ஸி கேட்டார்.

"என்ர பிள்ளையள்."

"எத்தினை பிள்ளையள்?"

"நாலு. மூத்தவன் இவன்தான்."

எனக்கு அறுபத்தொரு வயது. மிஸ்ஸி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓம் மிஸ்ஸி" என்றேன்.