மூன்றாம் உலைக்குப் பொங்கல் இல்லை

கரியாலூர்ப் பெண் பெரியம்மாளை மலையிலிருந்து இறக்கிச் சங்கராபுரம் பக்கம் கட்டிக்கொடுத்ததற்கு ஒரே காரணம், மாப்பிள்ளை பாவாடைக்குப் புதிதாக வரும் மின்நிலையத்தில் வேலை. கரண்டு செய்கிறவன் வீட்டில் கரண்டு இருக்குமா என்று யாருக்காவது கேட்கத் தோன்றுமா? வந்து பார்த்தால் மண்ணெண்ணெய் விளக்கு. ஜன்னல்கூட இல்லாத வீடு. மின்கம்பிகள் கூரைக்கு மேலே எங்கேயோ போய்க்கொண்டிருந்தன.

எழுபதுகளின் தொடக்கம் அது. கரும்புச் சக்கை எரிக்கும் முதல் உலை தயாராகியிருந்தது. தொழிலாளர் காலனிப் பெண்கள் அதன் வாசலில் செங்கல் கூட்டிப் பொங்கல் வைத்தார்கள். அந்த அடுப்பு நெருப்பை எடுத்துத்தான் உலையைப் பற்றவைத்தார்கள். புதுப்பெண் என்று பெரியம்மாள்தான் முதல் பானையை ஏற்றினாள். மேனேஜர் மனம் குளிர்ந்து, இரண்டாம் உலை வந்ததும் காலனிக்கு லைட்டு என்றார்.

சில வருஷத்தில் நிலக்கரி உலை வந்தது. பொங்கலும் பொங்கியது. லைட்டு மூன்றாம் உலைக்குத் தள்ளிப்போனது. பிறந்த வீட்டார் வரும்போதெல்லாம், உன் புருஷன் செய்கிற கரண்டு யார் வீட்டுக்குப் போகிறது என்று சிரிப்பார்கள். அவளுக்கு அழுகையாக வரும்.

எண்ணெயில் எரியும் மூன்றாம் உலையும் வந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்து, பொங்கல் வைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

"லைட்டு எரிஞ்சா பொங்க வெக்கறோம். இல்லன்னா மேனேஜரையே வெச்சிக்கச் சொல்லுங்க" என்றாள் பெரியம்மாள். காலனிப் பெண்கள் எல்லோரும் அவள் பக்கம் நின்றார்கள். வேலை போய்விடும் என்று பாவாடை கெஞ்சிப் பார்த்தான். அவள் அசையவில்லை.

இந்த உலைக்கு அடுப்பு நெருப்பு எதற்கு, பட்டனை அமுக்கினால் போதும் என்றார் மேனேஜர். உண்மைதான். ஆனால் பொங்கல் பொங்காத உலையைத் தொட ஒருவனும் துணியவில்லை. அத்தனை பேருக்கும் ஒரே நாளில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

விழாவுக்கு முன்னால் அவசர அவசரமாகக் கம்பம் நட்டார்கள். ஒரு சாயங்காலம் பாவாடை வீட்டில் பல்பு எரிந்தது. பெரியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். சுவரெல்லாம் கரி, பரணெல்லாம் உலைச் சாம்பல்.

"ஏங்க, இத்தினி வருசமா இதுக்குள்ளயா குடும்பம் நடத்திக்கினு இருந்தோம்?"

பாவாடை பல்பையே பார்த்துக்கொண்டிருந்தான். லைட்டு இல்லாமலே இருந்திருக்கலாம் என்று அவனுக்கு அப்போதே தோன்றிவிட்டது.

மறுநாள் மூன்றாம் உலைக்குப் பொங்கல் பொங்கியது. பெரியம்மாள்தான் முதல் பானை ஏற்றினாள். பாவாடையால் வர முடியவில்லை, வீட்டில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான்.