அளவு இல்லாத கட்டுரை

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உள்ள மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். வீடு அரியலூரில். போக வர பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, இணையக் கலைக்களஞ்சியத்தில் மருந்துகளைப் பற்றித் தமிழில் எழுதுவேன். சம்பளம் கிடையாது. கட்டுரைக்கு மேலே என் பெயரும் இருக்காது. ஆனாலும் அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

எங்கள் குழுவில் ஏழெட்டுப் பேர். யார் எந்த மருந்தை எழுதுவது என்று பிரித்துக் கொடுப்பவர் பெரம்பலூர் மாவட்டம் லப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. நேரில் பார்த்ததில்லை. குழுவுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மருந்து என்ன செய்யும், யாருக்கு ஆகாது என்று எழுதலாம். எவ்வளவு கொடுப்பது என்று மட்டும் எழுதக் கூடாது.

பாரசிட்டமால் என் பங்குக்கு வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பதே அளவைத்தான். அது இல்லாமல் என்ன கட்டுரை? எடைக்கு இத்தனை மில்லி என்று எழுதிவிட்டேன். மறுநாள் அந்த வரி இல்லை; லப்பைக்குடிக்காட்டுக்காரர் எடுத்திருந்தார். திரும்பப் போட்டேன். அவர் திரும்ப எடுத்தார். நாங்கள் பேசிக்கொள்ளும் பக்கத்தில், இத்தனை வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிற எனக்கே பாடமா என்று பொரிந்து தள்ளினேன்.

"கோபப்படாதீங்க சகோதரி. நீங்க போட்ட அளவு சரிதான். படிக்கிறவங்க கையில எந்த பாட்டில் இருக்குன்னு நமக்குத் தெரியாதுல்ல" என்று பதில் போட்டார்.

எனக்கு ஏறவில்லை. மூன்றாவது முறையும் போட்டேன்.

அன்று மத்தியானம் இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் கடைக்கு வந்தாள். "அளவு மூடி தனியா கிடைக்குங்களா? இதுல உறிஞ்சி ஊத்துற குழாய்தான் இருக்கு. இத்தனை மில்லி குடுக்கணும்னு போட்டிருக்கு, அதுல அவ்வளவு பிடிக்காதுங்க" என்று போனை நீட்டினாள். என் வரி. அவள் கையிலிருந்தது டிராப்ஸ் பாட்டில், கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. நான் எழுதியது சிரப்புக்கு. டிராப்ஸ் அதைவிடப் பல மடங்கு வீரியம்.

"குடுத்துட்டியாம்மா?"

"இல்லீங்க, மூடி வாங்கிட்டுக் குடுக்கலாம்னு."

பிள்ளையின் எடையைக் கேட்டு, குழாயிலேயே அளவுக் கோட்டைக் காட்டி அனுப்பினேன். அவள் படியிறங்கியதும் என் போனை எடுத்தேன். நின்ற இடத்திலேயே அந்த வரியை அழித்தேன். நடந்ததையும், தப்பு என்னுடையது என்பதையும் குழுவின் பக்கத்தில் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதினேன். அவர் குத்திக்காட்டவே இல்லை. பங்கீட்டுப் பட்டியலில் அடுத்த மருந்துக்கு நேரே என் பெயரைப் போட்டிருந்தார். இப்படி ஒரு கூட்டத்தில் நானும் ஒருத்தி என்று அன்றைக்குத்தான் உண்மையாகவே பெருமைப்பட்டேன்.

இப்போது யாராவது அளவு எழுதினால் முதலில் எடுப்பது நான்தான். திட்டு வாங்குவதும் நான்தான்.

போன வாரம் ஒருவர் போனும் கையுமாகக் கடைக்கு வந்தார். "எல்லாம் விலாவாரியா எழுதிட்டு, எவ்வளவு குடுக்கணும்னு மட்டும் போடாம விட்டிருக்கான் பாருங்க. எவனோ அரைகுறை. அதான் உங்களைக் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

அந்த அரைகுறை நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, பாட்டிலைக் காட்டுங்க என்று கை நீட்டினேன்.