குரூப் பூட்டியிருந்த மூன்று நாள்

எங்கள் குடியிருப்பில் எண்பத்து நாலு வீடு. எல்லாருக்கும் அவள் அட்மின் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஆறு வருடத்துக்கு முன்னால் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனபோது, தண்ணீர் லாரி எப்போது வரும் என்று சொல்வதற்காக எல்லாருடைய நம்பரையும் சேர்த்து போனில் ஒரு குரூப் தொடங்கினாள். மோட்டார் இரண்டே நாளில் சரியாகிவிட்டது. குரூப் மட்டும் அவள் தலையில் விடிந்தது.

அவளுக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். காலை ஏழு மணிக்குப் போனால் மாலை ஆறு வரை நின்றபடியே ரத்தம் எடுத்து, குப்பியில் பேர் ஒட்டவேண்டும். பேர் மாறினால் ஒருவருடைய சர்க்கரை இன்னொருவர் தலையில் ஏறிவிடும் என்பதால் அங்கே போனைத் தொடவே மாட்டாள். கால் வீங்கி வீடு திரும்பும்போது நூற்றுக்கு மேல் செய்தி காத்திருக்கும். லிஃப்டில் யார் துப்பியது, என் இடத்தில் யார் வண்டி, எந்த வீட்டு மிக்ஸி ஆறு மணிக்கே அலறுகிறது. இவள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேசுவாள். ‘உனக்கு இதெல்லாம் தேவையா’ என்று கேட்டுக் கேட்டு அவள் வீட்டுக்காரருக்கே அலுத்துவிட்டது. வேறு யாராவது பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு முறை எழுதிப் பார்த்தாள். அப்போது மட்டும் குரூப்பில் ஈ காக்காய் இல்லை. வாய் கிழியப் பேசும் நானும்தான் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு, மேல்வீட்டு ஈரத்துணி கீழ்வீட்டு ஜன்னலில் சொட்டிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். துணியில் தொடங்கிய சண்டை, யார் பிள்ளை எத்தனை பாடத்தில் தேறவில்லை என்பது வரைக்கும் போனது. என் பங்குக்கு நானும் நாலு வார்த்தை எழுதினேன், பொய் சொல்வானேன். வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் படித்தாளாம். படித்துவிட்டு, அட்மினைத் தவிர யாரும் எழுத முடியாதபடி குரூப்பைப் பூட்டிவிட்டாள்.

காலையில் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் மறுநாள் போன் வாயே திறக்கவில்லை. சாப்பாட்டை ஆறுவதற்குள் சாப்பிட முடிந்தது. மகள் சொன்ன பள்ளிக்கூடக் கதையைப் பாதியில் நிறுத்தச் சொல்லாமல் கேட்க முடிந்தது. இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்று விட்டாள்.

மூன்றாம் நாள் மாலை வெளிநாட்டிலிருந்து அவளுக்கு ஒரு போன். என் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரின் மகள் பேசினாள். மனைவி இறந்த பிறகு அந்த மனிதர் தினமும் காலையில் குரூப்பில் ஒரு பூப்படம் போடுவார். வேறு வேலை இல்லையா இவருக்கு என்று நாங்கள் சிரிப்போம். மகளும் குரூப்பில் இருந்தாள். படத்தைப் பார்த்தால் அப்பா எழுந்துவிட்டார் என்று அவளுக்கு நிம்மதி. குரூப் பூட்டியிருப்பதால்தான் படம் இல்லை என்று இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறாள். பிறகு மனசு கேட்காமல் அவரை அழைத்தால், எடுக்கவில்லை.

காவலாளியை வைத்துக் கதவை உடைத்தார்கள். இடுப்பெலும்பு முறிந்து, ஒன்றரை நாளாகக் குளியலறைத் தரையில் கிடந்திருக்கிறார். உயிர் இருந்தது. இனி நடப்பாரா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவள் குரூப்பைத் திறந்தாள். எல்லாம் தன்னால்தான், மன்னித்துவிடுங்கள் என்று எழுதினாள். மூன்று நாள் வாயடைத்துக் கிடந்தவர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வந்தார்கள். கொஞ்சம் பொறுப்பு வேண்டாமா, ஒரு உயிர் விளையாட்டா என்று ஆளாளுக்குப் பாடம் எடுத்தார்கள். நான் போனை வைத்துவிட்டு எழுந்தேன். படியிறங்கி அவள் வீட்டுக்குப் போனேன்.

வாளி வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அழக்கூடத் தெம்பில்லை.

"அந்த மனுஷன நான்தான்க்கா அப்படிக் கெடக்க விட்டுட்டேன்" என்றாள்.

"இல்லம்மா. நேத்து மத்தியானம் சுவத்துல தட்டுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

அரை மணி நேரம் கேட்டது. யாரோ ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். தூங்குகிற நேரத்தில் எவன் தட்டுகிறது என்று குரூப்பில் திட்டி எழுதப் போனை எடுத்தேன், எழுத முடியவில்லை. எரிச்சலில் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றுவிட்டது. ஒன்றையும் மறைக்காமல் அவளிடம் சொன்னேன்.

அவள் வாளியிலிருந்து காலை எடுத்துத் துடைத்தாள்.

"எந்திரிச்சுப் போய்க் கதவத் தட்டியிருக்கலாமேக்கா" என்றாள். குரலில் கோபம் இல்லை. பிறகு அவளே எனக்காக ஒரு காரணம் தேடினாள்.

"ரொம்பக் களைப்பா இருந்தீங்களோ?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

"இல்லம்மா" என்றேன். "சும்மாதான் உக்காந்திருந்தேன்."