தயாளனின் ஏப்ரல் பதினைந்து

பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடியில் குடியிருக்கும் தயாளனுக்கு ஏப்ரல் பதினைந்து பிறந்தநாள். லியோனார்டோ டாவின்சி பிறந்ததும் அதே தேதியில்தான் என்று எங்கோ படித்த அன்றே, கடைக்குப் போய்த் தூரிகையும் வண்ணமும் வாங்கி வந்துவிட்டார். வார நாட்களில் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பார், ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவியர். அவர் தீட்டிய பினாங்குப் பாலத்தைப் பார்த்தவர்கள் நல்ல சீப்பு என்றார்கள். மனைவி காமினியை மோனாலிசா மாதிரி உட்காரவைத்து வரைந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் அவளிடம் பல்வலி தேவலையா என்று விசாரித்தார்கள். அதே தேதியில்தான் டைட்டானிக் மூழ்கியது என்பதும் தயாளனுக்குத் தெரியும். அதைப் பற்றி மட்டும் மூச்சுவிடமாட்டார்.

போன சித்திரைப் புத்தாண்டுக்குத் தாசேக் கெலுகோரிலிருந்து அவருடைய அக்கா நல்லம்மாள் வந்திருந்தார். சாப்பிடும்போது, நாளைக்குப் பிறந்தநாளாயிற்றே, என்ன சமைக்கலாம் என்று காமினி கேட்டாள்.

"நாளைக்கு என்னா நாளைக்கு? இவன் பொறந்ததே இன்னைக்கித் தேதியிலதான்" என்றார் அக்கா. "புத்தாண்டுக்கு வீட்டுல சைவம். பொறந்தநாளும் அன்னைக்கே வந்தா கோழி கெடையாது. அதான் பதியிறப்ப அப்பா ஒருநாள் தள்ளிச் சொல்லிட்டாரு."

"ஏங்க்கா, இத்தன வருசமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே லா."

தயாளன் கையைக்கூடக் கழுவாமல் போனை எடுத்துப் பதினான்காம் தேதியைத் தேடினார். லிங்கன் சுடப்பட்ட நாள். டைட்டானிக் பனிப்பாறையில் இடித்த நாள். பாயசத்தைத் தள்ளிவைத்தார். இன்னும் கொஞ்சம் கீழே போனதும் அம்பேத்கர் பிறந்தநாள் என்று இருந்தது. அவர் முகம் தெளிந்தது.

"சட்டம் எழுதினவரு" என்றார் காமினியிடம்.

இனி படம் வரையமாட்டார், சுவரில் இடம் கிடைக்கும் என்று காமினி உள்ளுக்குள் மகிழ்ந்தாள். அந்த மகிழ்ச்சி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தயாளன் அடுக்குமாடிச் சட்டப் புத்தகத்தை வாங்கி வந்து, குழம்பு கொதிக்கும்போதெல்லாம் அவளுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். கட்டடத்தின் மின்தூக்கி அப்போது ஒரு மாதமாகச் செத்துக் கிடந்தது. நிர்வாகக் குழுத் தலைவர் யூசுப்பைக் கார் நிறுத்துமிடத்தில் மடக்கி, எந்தப் பிரிவை மீறியிருக்கிறார் என்று விளக்கினார். யூசுப் காரை வேறு இடத்தில் நிறுத்தத் தொடங்கினார்.

அடுத்த கூட்டத்தில் தயாளன் எழுந்து பேச ஆரம்பித்தவர் உட்காரவே இல்லை. கடைசியில் யூசுப் கையைத் தூக்கினார்.

"தயா அண்ணே, நீங்களே செயலாளரா வந்துடுங்க லா. நாங்க தாங்கமாட்டோம்."

கூடத்தில் இருந்த அத்தனை கைகளும் மேலே போயின. தயாளனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளே லீவு போட்டுவிட்டு, ஜுருவில் இருந்த மின்தூக்கிக் கம்பெனிக்குப் போய், வரவேற்பறையில் உட்கார்ந்து ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து உரக்க வாசித்தார். சாப்பாட்டு நேரத்துக்குள் அவர்கள் ஆட்களை அனுப்பிவிட்டார்கள்.

மின்தூக்கி ஓடத் தொடங்கிய அன்று, பாசாரிலிருந்து திரும்பியவர்கள் பையும் மீனுமாக உள்ளே நெருக்கினார்கள். தயாளன் வாசலில் நின்று, எத்தனை பேர் ஏறலாம், எந்த விதிப்படி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கதவு மூடிக்கொண்டது. அவர் ஒன்பதாம் மாடியிலிருக்கும் வீட்டுக்குப் படியேறினார்.

உள்ளேயிருந்து மூடும் பொத்தானை அழுத்தியது காமினிதான் என்று பிறகு யூசுப் சொன்னார்.