எல்லையைப் பார்த்து நின்ற மாதா

1974 மே மாதம் தீர்த்தமலைக்குப் போவதாகத்தான் சேலத்திலிருந்து கிளம்பினேன். பள்ளி ஓவிய ஆசிரியனுக்குக் கோடை விடுமுறையில் வேறென்ன வேலை? தருமபுரி பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர், "கம்பைநல்லூர் பக்கம் ஒரு பொம்பள பழைய சாமான்ல மாதா சுரூபம் பண்ணியிருக்குதுங்க. இன்னிக்கி சர்ச் சாமியார் வந்து மந்திரிக்கிறாரு" என்றார். பார்த்துச் சிரித்துவிட்டு வரலாமென்று பத்தரை மணி பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் தொண்ணூறு பைசா. இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை, நல்ல வெயில்.

சர்ச்சுக்கு எதிரே ஒரு மேடை. சர்ச்சின் பழைய மாதா சிலை விழுந்து நொறுங்கியதில் முகம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதைத் தலையில்லாத மண்குதிரையின் நெஞ்சின் மேல் பொருத்தியிருந்தாள், கூலி வேலை செய்யும் செசிலி. குதிரைக் கழுத்தின் மணிகள் மாதாவுக்கு நகையாகிவிட்டன. தகர டின்னை வெட்டி முக்காடு. சைக்கிள் ரிம்மில் உடைந்த வளையல்களைக் கோத்து ஒளிவட்டம். சிரிப்பாவது! இருபது வருடம் சொல்லிக்கொடுத்த ஓவியமெல்லாம் எதற்கென்று தோன்றியது.

"குதிரை ஏதும்மா?"

"மழையில ஓடையில வந்துதுங்க. தண்ணி கொண்டாந்தது யாருக்கும் சொந்தமில்லன்னு எடுத்தாந்துட்டேன்."

அங்கேதான் தப்பு. அது முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட குதிரை. மூன்று மணிக்கு முனியப்பன் கோயில் பூசாரி நாலு பேரோடு வந்து நின்றார். குதிரையைக் கேட்டால் மாதாவுக்கு உடம்பில்லை. நாலு மணிக்குச் சாமியார் வேறு வருகிறார். செசிலி குறுக்கே வந்து நின்றாள். "ஒரு வருசமா பொறுக்கி சேத்ததுங்க" என்றாள்.

பூசாரி இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். "சாமிக்கு வுட்டத திரும்பக் கேக்கற வழக்கம் எங்களுக்கு இல்லம்மா. ஆனா இது எல்லைக் குதிர. எல்லையப் பாத்துதான் நிக்கோணும்."

எட்டுப் பேர் பிடித்து மாதாவைக் கிழக்கே, ஊர் எல்லைப் பக்கம் திருப்பினோம். நானும் ஒரு கை கொடுத்தேன். இப்போது சர்ச்சுக்கு மாதாவின் முதுகு.

சைக்கிளில் வந்த சாமியார் அந்த முதுகைப் பார்த்து நின்றுவிட்டார். நடந்ததைச் சொன்னார்கள். வியர்வையைத் துடைத்தார். வேண்டாமென்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். "அப்ப நாம அந்தப் பக்கம் போவோம், வாங்க" என்று தீர்த்தச் செம்போடு ரோட்டில் இறங்கினார். ஊரே பின்னால் போனது. தீர்த்தம் பூசாரி மேலும் தெளித்தது. துடைக்க அவர் துண்டை எடுக்கவே இல்லை.

அன்று பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக்கொண்டேன். தீர்த்தமலைக்கு இந்தத் தடவை கும்பிடு போட்டாயிற்று. மாதாவைப் பார்க்கப் போகிறவர்கள் முந்தின நாளே கம்பைநல்லூர் போய்விடுங்கள், குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். மறுநாள் காலை வளையல் துண்டுகளில் கிழக்கு வெயில் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். காட்டு வேலைக்குப் போகிறவர்கள் எந்தச் சாமி கும்பிடுகிறவர்களானாலும் ஒரு நிமிடம் நின்றுதான் போனார்கள்.

செசிலி மட்டும் மாதாவின் முதுகுப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். முன்னால் வரக்கூடாதா என்றேன்.

"மொகம் பழசுதானுங்க. அத எல்லாரும் பாக்கட்டும்" என்றாள். தகரத்தைச் சேர்த்துத் தைத்திருந்த கம்பியை விரலால் தடவினாள். "இந்தப் பக்கந்தான் நான் பண்ணது."

முன்னால் நின்று கும்பிட்டவர்கள், பின்பக்கமும் போய்ப் பாருங்கள்.